அந்த ‘இல்லையேல்’ யாருடையது?

பிசான அறுவடை முடியும் தறுவாய். சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவே ஓர் அரிசி ஆலை. விவசாயி ஒருவர் காலையில் ஒரு லோடு, சாயங்காலம் ஒரு லோடு நெல் கொண்டுவந்து இறக்கினார். ஒரே வயல், ஒரே களத்தில் காய்ந்த நெல். ஈரமானி இரண்டு தடவையும் 14 சதவீதம் காட்டியது. காலைச் சிட்டையில் கழிவு 0. சாயங்காலச் சிட்டையில் குவிண்டாலுக்கு 2 கிலோ. 40 குவிண்டாலுக்கு 80 கிலோ நெல் தாளிலேயே காணாமல் போயிருந்தது.

“காலைல காஞ்ச நெல்லு சாயங்காலம் நனைஞ்சிட்டோ?” என்று அவர் கேட்டார். ஆலையில் ஒருவரிடமும் பதில் இல்லை.

சிட்டை போடும் மென்பொருள் எங்களுடையது. பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் இருந்து மூன்று பேர் எழுதிப் பராமரிக்கிறோம். ஈரமானியும் எடைமேடையும் சரியாகத்தான் இருந்தன. சிட்டை போட்ட பையனும் தப்பு செய்யவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு ஓர் இலக்கணக் கோப்பில் நான் எழுதிய ஒற்றை வரிதான் அந்த 80 கிலோவைத் தின்றிருந்தது.

கணக்கு அண்ணாச்சியின் மொழி

ஆலைக்குக் கழிவுக் கணக்கு பருவத்துக்குப் பருவம் மாறும். ஈரம், கருக்காய், பதர், ரகம் எல்லாம் சேர்ந்துதான் கழிவைத் தீர்மானிக்கும். அரசு நேரடிக் கொள்முதலில் நெல்லின் ஈரத்துக்கு 17 சதவீதம் உச்சவரம்பு என்பதால் தனியார் ஆலைகளும் அந்த எண்ணையே கோடாக வைத்துக்கொள்கின்றன. ரகம் என்று வந்தால் இந்தப் பக்கம் அம்பை 16 தனிச் சாதி. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட குண்டு அரிசி ரகம். அதற்கென்றே தனி விதி வைத்திருக்கும் ஆலைகள் உண்டு.

முதலில் இதையெல்லாம் நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தோம். கழிவு மாறினால் ஆலையின் கணக்கு அண்ணாச்சி போன் போடுவார், நாங்கள் மாற்றி அனுப்புவோம். கார் பருவத்தில் ஒரே வாரத்தில் நாலு தடவை மாற்றச் சொன்ன பிறகு, அவரே எழுதிக்கொள்ளட்டும் என்று சின்னதாக ஒரு விதிமொழி செய்து கொடுத்தோம். பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான். ‘எனில்’, ‘இல்லையேல்’, ‘மற்றும்’, ‘அல்லது’, ஒப்பிடும் குறிகள், எண்கள். எழுதிய வாக்கியத்தைப் பிரித்து எது எதோடு சேர்கிறது என்று கண்டுபிடிக்கும் நிரலுக்குப் பார்சர் என்று பெயர். பைசன் என்ற பார்சர் உருவாக்கியிடம் அந்த வாக்கியங்களின் இலக்கணத்தைக் கொடுத்தால் அது சி மொழியில் பார்சரை எழுதித் தந்துவிடும். ஆலையில் இருந்த பழைய கம்ப்யூட்டருக்கு அது போதும்.

அண்ணாச்சி அதை விரும்பினார். “இது நம்ம பேசுத மாதிரில்லா இருக்கு” என்றார். அந்தப் பாராட்டில் ஆபத்து ஒளிந்திருந்தது எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது. பேசுகிற மாதிரி இருக்கும் ஒன்றில், பேச்சில் செல்லுபடியாகும் எல்லாம் இங்கும் செல்லும் என்று மனுஷன் நம்பத்தானே செய்வார்?

சம்பவத்துக்குப் பதினோரு நாள் முன்பு அவர் எழுதிய விதி இது:

```
ஈரம் > 17 எனில்
    ரகம் = "அம்பை 16" எனில்
        கழிவு := 2
இல்லையேல்
    கழிவு := 0
```

அவர் நினைத்தது: ஈரம் 17-ஐத் தாண்டினால், அம்பை 16-க்கு 2 கிலோ கழிவு, வேறு ரகம் என்றால் நெல்லைப் பார்த்துத் தரம் சொல்கிறவர் கையால் போட்ட எண் அப்படியே இருக்கட்டும். ஈரம் 17-க்குள் என்றால் கழிவே கிடையாது. வரிகளைத் தள்ளி எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தாலே அது விளங்கும். ‘இல்லையேல்’ முதல் வரியின் நேர்கீழே நிற்கிறது.

விதியைப் படித்துக் கணினிக்குப் புரியும்படி மாற்றுவது எங்கள் கம்பைலர். அதற்கு இடைவெளி ஒரு பொருட்டே அல்ல. அது இப்படிப் படித்தது: ஈரம் 17-ஐத் தாண்டினால் மட்டும் உள்ளே வா. உள்ளே வந்தபின் ரகம் அம்பை 16 என்றால் 2, இல்லையேல் 0. ஈரம் 17-க்குள் இருந்தால்? ஒன்றுமே செய்யாதே.

தேடிய விதம்

அந்த ‘ஒன்றுமே செய்யாதே’தான் எங்களை இரண்டு நாள் அலைக்கழித்தது.

திரையில் கழிவுக்கு ஒரு பெட்டி உண்டு. முந்தைய சிட்டையில் போட்ட எண் அதில் அப்படியே நிற்கும். ஒரே வண்டி நெல்லுக்கு இரண்டு மூன்று சிட்டை போட வேண்டி வரும் என்பதால் வசதிக்காக நாங்களே அப்படி வைத்திருந்தோம். விதி எதையும் மாற்றாவிட்டால் அந்தப் பழைய எண்ணே புதுச் சிட்டையில் அச்சாகும். ஆக, ஈரமான அம்பை 16 லோடு ஒன்று போனால் பெட்டியில் 2 உட்கார்ந்துவிடும். அதற்குப் பின் வரிசையில் வரும் காய்ந்த நெல்லுக்கெல்லாம் 2 கிலோ கழிவு. வேறு ரகத்தில் ஈர நெல் ஒன்று வந்து பெட்டியை 0 ஆக்கும் வரைக்கும் இதே கதை. முன்னால் நின்றவரின் ஈரம் பின்னால் நின்றவரின் நெல்லில் ஒட்டிக்கொண்டது.

எங்கள் அறையில் உட்கார்ந்து அதே எண்களைக் கொடுத்துப் பார்த்தால் கழிவு 0 என்றே வந்தது. ஒவ்வொரு சோதனையையும் புதிதாகத் தொடங்கினோம், பெட்டியும் 0-இலிருந்தே தொடங்கியது. ஆலையில் அன்றைக்குப் போட்ட சிட்டை எல்லாவற்றையும் வாங்கி வந்து, வந்த வரிசையிலேயே ஓட்டிப் பார்த்தபோதுதான் பிசகு கண்ணில் பட்டது.

இன்னொன்றும் அப்போது தெரிந்தது. வேறு ரக ஈர நெல்லுக்குத் தரம் பார்த்தவர் கையால் போட்ட கழிவையெல்லாம் விதி 0 ஆக அழித்திருந்தது. அதில் ஆலைக்கு நஷ்டம். அந்தப் பதினோரு நாளும் அதைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை. கழிவு போடாமல் சிட்டை கிடைத்தவர் ஏன் வந்து சொல்லப் போகிறார்? பிழையின் ஒரு பாதி சத்தம் போட்டது, இன்னொரு பாதி வாயை மூடிக்கொண்டு நடந்தது. சத்தம் போட்ட பாதியை மட்டும் சரிசெய்துவிட்டு எழுந்திருந்தால் மற்றது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

எங்களோடு வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி இலக்கணக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: “அண்ணே, இங்க ‘எக்ஸ்பெக்ட் 1’னு ஒரு வரி இருக்கே, யாரு போட்டது?”

நான்தான் போட்டேன்.

சாக்கு வாயைத் தைப்பதா, வேண்டாமா

எங்கள் இலக்கணத்தில் சிக்கலுக்கு உரிய பகுதியை மட்டும் எடுத்தால் இவ்வளவுதான்:

```
கூற்று → நிபந்தனை எனில் கூற்று
கூற்று → நிபந்தனை எனில் கூற்று இல்லையேல் கூற்று
கூற்று → பெயர் := மதிப்பு
```

பைசன் எழுதித் தரும் பார்சர் சொற்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வாங்கி ஓர் அடுக்கின் மேல் வைத்துக்கொண்டே போகும். இப்படி வைப்பதற்கு ஷிஃப்ட் என்று பெயர். உச்சியில் இருப்பவை ஏதாவது ஒரு விதியின் வலப்பக்கத்தோடு பொருந்தினால், அவற்றை எடுத்துவிட்டு இடப்பக்கத்துப் பெயரை வைக்கும். அது ரெட்யூஸ். அண்ணாச்சிக்கு விளக்கும்போது நான் சொன்னது: ஷிஃப்ட் என்றால் சாக்கில் அள்ளிப் போடுவது, ரெட்யூஸ் என்றால் சாக்கு வாயைத் தைப்பது. தைத்துவிட்டால் பிறகு உள்ளே ஒரு மணி போட முடியாது.

அவருடைய விதியில் ‘இல்லையேல்’ வந்து நிற்கும் நேரத்தில் அடுக்கு இப்படி இருக்கும்:

```
நிபந்தனை எனில் நிபந்தனை எனில் கூற்று  •  இல்லையேல்
```

புள்ளிக்கு இடப்பக்கம் ஏற்கெனவே அடுக்கியவை, வலப்பக்கம் அடுத்து வரும் சொல். இங்கே இரண்டு வழியும் சட்டப்படி சரி. உள்ளே இருக்கும் ‘நிபந்தனை எனில் கூற்று’ என்பதைத் தைத்து மூடினால், வரும் ‘இல்லையேல்’ வெளி ‘எனிலு’க்குப் போகும். மூடாமல் ‘இல்லையேலை’ அடுக்கின் மேல் வைத்தால் அது உள் ‘எனிலோடு’ சேரும். இதைத்தான் ஷிஃப்ட்–ரெட்யூஸ் கான்ஃப்ளிக்ட் என்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது, இந்தத் தடுமாற்றம் ஆலையில் சிட்டை போடும்போது நடப்பதே இல்லை. பார்சரை உருவாக்கும் அன்றைக்கே பைசன் இதைக் கண்டுபிடிக்கிறது, ‘1 ஷிஃப்ட்–ரெட்யூஸ் கான்ஃப்ளிக்ட்’ என்று எச்சரிக்கை காட்டுகிறது, தானே ஷிஃப்ட் என்று முடிவுகட்டி அட்டவணையில் எழுதிவைத்துவிடுகிறது. அதன்பிறகு ஓடும் பார்சருக்குச் சந்தேகம் என்ற ஒன்றே கிடையாது. அண்ணாச்சி விதி எழுதும்போது அவரிடம் கேட்பதற்கு அங்கே ஆளில்லை.

பைசனுக்கு முன்னோடி யாக். பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1970-களில் எழுதியது. மயக்கம் வந்தால் ஷிஃப்ட் செய், இரண்டு ரெட்யூஸ் மோதினால் கோப்பில் முதலில் எழுதிய விதியை எடு என்ற இரண்டு வழக்கமும் அங்கிருந்து வந்தவை. ஆல்ஃபிரட் ஆகோ, ஜான்சன், ஜெஃப்ரி உல்மன் மூவரும் 1975-இல் வெளியிட்ட கட்டுரை, மயக்கமுள்ள இலக்கணத்தையே வைத்துக்கொண்டு பக்கத்தில் ‘இப்படி வந்தால் இதை எடு’ என்று குறிப்புக் கொடுத்தால் இலக்கணம் சிறிதாகவும் படிக்க எளிதாகவும் இருக்கும் என்று காட்டியது. தப்பில்லாத யோசனை. அந்தக் குறிப்பு மொழியைப் பயன்படுத்துகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சி மொழியில் அது தெரிந்த விஷயம். அங்கே ‘எனிலு’க்கு ‘இஃப்’, ‘இல்லையேலு’க்கு ‘எல்ஸ்’. ‘எல்ஸ்’ தனக்கு மிக அருகில் முன்னால் இருக்கும் ‘இஃப்’ஓடு சேரும் என்று சி மொழியின் தரநிலையே எழுதிவைத்திருக்கிறது. பார்சரைக் கையால் எழுதினாலும் இதே பலன்தான் இயல்பாகக் கிடைக்கும்: ‘இஃப்’பைப் படிக்கும் செயல்கூறு தன்னையே உள்ளே அழைக்கும், உள்ளே போனது வெளியே வருவதற்கு முன் ‘எல்ஸ்’ கண்ணில் பட்டால் முதலில் எட்டிப் பிடிப்பது அதுதான். பந்தியில் இலைக்கு அருகில் இருப்பவர் கை முந்துவது போல. ஜிசிசி கம்பைலர் 2006-இல் வந்த 4.1 பதிப்பில் பைசனைக் கைவிட்டு, சி மொழிக்குக் கையால் எழுதிய பார்சருக்கு மாறியது. ‘எல்ஸ்’ போய்ச் சேரும் இடம் மாறவில்லை.

நான் ‘எக்ஸ்பெக்ட் 1’ போட்டதும் இந்தத் தைரியத்தில்தான். ‘ஒரு கான்ஃப்ளிக்ட் வரும், எனக்குத் தெரியும், சத்தம் போடாதே’ என்று பைசனுக்குச் சொல்வது அந்த வரி. எந்த ‘இஃப்’ஓடு சேரும் என்று தெரியாமல் நிற்கும் இந்தத் ‘தொங்கும் எல்ஸ்’ ஆபத்தில்லாதது, எல்லா மொழியிலும் இருப்பது என்று படித்திருந்தேன். புரோகிராமர்களுக்கு அது சரி. அவர்களில் பாதிப்பேர் அந்த வழக்கத்தைக் கல்லூரியிலேயே மனப்பாடம் செய்தவர்கள், மீதிப்பேருக்கு ஜிசிசி எச்சரிக்கை காட்டும். அண்ணாச்சி பி.காம். படித்தவர், அவருக்கு எந்த எச்சரிக்கையும் காட்ட நாங்கள் ஏற்பாடு செய்யவில்லை. எங்களுக்கு வந்த ஒரே எச்சரிக்கையின் வாயையும் நான் அடைத்திருந்தேன்.

பேச்சில் இது எப்படித் தப்பிக்கிறது

“நேற்று வந்த அண்ணாச்சி மகன்” என்றால் வந்தது அண்ணாச்சியா, மகனா? பேசும்போது ‘வந்த’ என்பதற்குப் பிறகோ ‘அண்ணாச்சி’க்குப் பிறகோ ஒரு நூல் நிறுத்தினால் போதும், கேட்பவருக்கு விளங்கிவிடும். நம் இலக்கணக்காரர்களும் இதைக் கவனிக்காமல் விடவில்லை. தொகைச் சொற்கள் இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கும் என்று நன்னூல் எண்ணிக்கை போட்டே சொல்கிறது. இடம் பார்த்துப் பொருள் கொள்ள அங்கே ஒரு மனிதர் இருக்கிறார் என்ற தெம்பு அது.

கம்பைலருக்கு அந்தத் தெம்பு ஆகாது. `10 - 4 - 3` என்பதை எந்தப் பக்கமிருந்து சேர்ப்பது என்று சொல்லாத இலக்கணத்தில் விடை 3 ஆகவும் வரலாம், 9 ஆகவும் வரலாம். இரண்டு கழித்தல் குறிக்கு 2 விதம், மூன்றுக்கு 5, நான்குக்கு 14 என்று அது வளர்ந்துகொண்டே போகும். ஏழோடு நிற்காது.

முடியா, தள்ளி எழுதுவதா, மறுப்பதா

திருத்துவதற்கு மூன்று வழி எங்கள் முன்னால் இருந்தது. மூன்றையும் அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினோம். ஆலை வாசலில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் உட்காரவே சொன்னார். 80 கிலோ நெல்லை அந்த விவசாயிக்கு ஆலை அதற்குள் கணக்கில் திருப்பியிருந்தது.

முதல் வழி, ஒவ்வொரு ‘எனிலு’க்கும் ஒரு மூடும் சொல். ஆல்கால் 68 என்ற பழைய நிரல்மொழி ‘இஃப்’பைத் திருப்பிப் போட்டு ‘ஃபி’ என்று மூடியது. ஏடா மொழி ‘எண்ட் இஃப்’ என்கிறது. தமிழிலேயே எழுதும் எழில் மொழியில் ‘முடி’ என்ற சொல் இருக்கிறது. மூடும் சொல் இருந்தால் ‘இல்லையேல்’ யாருடையது என்ற கேள்வியே எழாது. எனக்கு இது பிடித்திருந்தது. ‘முடி’ போட்டு அவருடைய விதிகளில் பெரியதொன்றை எழுதிக் காட்டினேன். கடைசியில் மூன்று ‘முடி’ வரிசையாக வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஏன் தம்பி, இது என்ன சலூன் கடையா? இம்புட்டு முடி கெடக்கு” என்றார். அத்தோடு அது போயிற்று.

இரண்டாவது, பைத்தான் மொழியைப் போல வரியைத் தள்ளி எழுதுவதையே பொருளாக எடுத்துக்கொள்வது. அவர் எழுதிய விதி எழுதிய மாதிரியே சரியாக ஓடியிருக்கும் என்பதால் நியாயமான யோசனைதான். பைத்தானில் வரி முன்னால் இருக்கும் இடைவெளி கூடும்போதும் குறையும்போதும் அதையே ஒரு தனிச் சொல்லாக (டோக்கன்) மாற்றிப் பார்சருக்குக் கொடுப்பார்கள், அதனால் தொங்கும் எல்ஸ் அங்கே பிறப்பதே இல்லை. ஆனால் அண்ணாச்சி விதிகளைப் போனில் தட்டி வாட்ஸ்அப்பில் முதலாளிக்கு அனுப்பி, சம்மதம் வாங்கி, அங்கிருந்து எடுத்து ஒட்டுகிறவர். வழியில் இடைவெளி எங்கே எப்படி மாறும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றில் ஒருவருடைய காசை வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மூன்றாவதைத்தான் எடுத்தோம்: மயக்கம் தரும் வாக்கியத்தை ஏற்காமல் மறுப்பது. இது பழைய யோசனை. 1963-இல் வந்த திருத்திய ஆல்கால் 60 அறிக்கையின்படி, ‘இஃப்’ நிபந்தனைக்கு அடுத்து வரும் ‘தென்’னுக்குப் பின் நேரடியாக இன்னொரு ‘இஃப்’ எழுத முடியாது, ‘பிகின்–எண்ட்’ போட்டு மூட வேண்டும். இன்றைய கோ, ரஸ்ட் மொழிகளும் அடைப்புக்குறி இல்லாத ‘இஃப்’பையே அனுமதிப்பதில்லை. நாங்கள் ‘எனிலு’க்குப் பின்னால் வரும் கூற்றை இரண்டே வகையாகக் குறுக்கினோம்: ஒரு மதிப்பு இடுவது, அல்லது அடைப்புக்குறிக்குள் இருப்பது. ‘இல்லையேலு’க்குப் பின் இன்னொரு ‘எனில்’ வரலாம், அதில் குழப்பமில்லை. இப்போது அந்த விதியை இப்படித்தான் எழுத முடியும்:

```
ஈரம் > 17 எனில் {
    ரகம் = "அம்பை 16" எனில் கழிவு := 2
} இல்லையேல் கழிவு := 0
```

‘இல்லையேல்’ இல்லாமல் ‘எனில்’ பின்னால் ‘எனில்’ வருவதில் மயக்கம் கிடையாது. அதையும் சேர்த்தே தடுத்துவிட்டோம். இன்றைக்கு ‘இல்லையேல்’ இல்லாத விதியில் நாளைக்கு ஒருவர் கடைசி வரியாக அதைச் சேர்க்க மாட்டார் என்று என்ன நிச்சயம்? தேவையென்றால் ‘மற்றும்’ போட்டுக்கொள்ளலாம்.

‘எக்ஸ்பெக்ட்’ வரியை எடுத்தேன். பைசன் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் பார்சரை எழுதித் தந்தது. ஓர் இலக்கணம் மயக்கமுள்ளதா இல்லையா என்று எந்த இலக்கணத்தைக் கொடுத்தாலும் கண்டுபிடித்துச் சொல்லும் பொதுவழி இருக்க முடியாது என்பதை டேவிட் கேண்டரும் ராபர்ட் ஃப்ளாய்டும் 1962-லேயே தனித்தனியாக நிரூபித்துவிட்டார்கள். ஆனால் எது முதலில் சேரும் என்று சொல்லும் முன்னுரிமைக் குறிப்பு ஏதும் இல்லாமல், கான்ஃப்ளிக்ட் ஒன்றுகூட வராமல் பைசன் ஏற்றுக்கொண்டால் அந்த இலக்கணத்தில் மயக்கமில்லை என்று சத்தியம் செய்யலாம். தலைகீழாகச் சொன்னால் பொருந்தாது. மயக்கமே இல்லாத இலக்கணத்திலும் பைசன் தடுமாறலாம். 2020-இல் வந்த பைசன் 3.7-இல் கான்ஃப்ளிக்டுக்கு எடுத்துக்காட்டு வாக்கியமே உருவாக்கிக் காட்டும் வசதி வந்துவிட்டது. இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய ஒரே வாக்கியத்தை அது காட்டினால் மயக்கம் உண்மை. இரண்டு வருடம் முன்பு அந்த வசதியை ஓட்டியிருந்தால், ‘எனில் … எனில் … இல்லையேல்’ என்று அண்ணாச்சியின் விதியையே அது என் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கும்.

பைசன் வாயே திறக்காத இடம்

முன்னுரிமைக் குறிப்பு என்று மேலே சொன்னேனே, அங்கே இன்னொரு பாம்பு படுத்திருந்தது. அதே வாரம் எல்லா விதியையும் வாசித்துக்கொண்டு போனபோது கண்ணில் பட்டது:

```
ரகம் = "அம்பை 16" அல்லது ரகம் = "அம்பை 18" மற்றும் ஈரம் > 17 எனில் கழிவு := 2
```

நிறைய மொழிகளில் இருப்பதைப் போல ‘மற்றும்’ ‘அல்லது’வைவிட இறுக்கமாகச் சேரும் என்று நாங்கள் குறிப்பு எழுதியிருந்தோம். அதனால் அம்பை 16 என்றால் ஈரம் எவ்வளவு இருந்தாலும் 2 கிலோ. அண்ணாச்சி சொல்ல வந்ததோ இரண்டு ரகத்துக்கும் ஈரம் 17-க்கு மேல் என்றால்தான். நல்லவேளை, அந்த விதி போன கார் பருவத்தோடு ஓய்ந்துவிட்டது.

இதற்குப் பைசன் எச்சரிக்கையே காட்டாது. முன்னுரிமையை எழுதிவிட்டால் அந்தக் கான்ஃப்ளிக்ட் தீர்ந்த கணக்கில் போய்விடும், எண்ணிக்கையிலும் வராது. இலக்கணத்தின் மயக்கம் தீர்ந்தது, வாசிப்பவரின் மயக்கம் இருந்த இடத்தில் இருந்தது. 2-இன் வர்க்கத்துக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் எது முதலில் சேரும்? எக்செல்லில் `=-2^2` என்று போட்டால் 4 வரும். பைத்தானில் `-2**2` என்றால் -4. ஜாவாஸ்கிரிப்டில் அதே `-2**2` பிழை என்று திரும்பி வரும், அடைப்புக்குறி போட்டு எழுதச் சொல்லும். மூன்றில் அதிகக் கண்ணியமானது கடைசியில் சொன்னதுதான் என்று எனக்குப் படுகிறது. எக்செல்லிலேயே வாழ்கிற கணக்குப்பிள்ளைக்கு ஒரு விடை, என்ஜினியரிங் படித்தவனுக்கு ஒரு விடை என்றால் நடுவில் நின்று ஒரு பக்கம் சாய எனக்கென்ன உரிமை?

நாங்களும் முன்னுரிமையை எடுத்துவிட்டோம். ‘மற்றும்’, ‘அல்லது’ இரண்டும் ஒரே வரியில் வந்தால் அடைப்புக்குறி கட்டாயம்.

பழைய விதிகள்

புது இலக்கணம் எழுதுவதில் பெரிய சிரமம் இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பழைய விதிகளை என்ன செய்வது என்பதுதான் தலைவலி. சி மொழியில் `அ & ஆ == இ` என்பதை `அ & (ஆ == இ)` என்று படிப்பார்கள்; ‘==’ சமமா என்று கேட்கும் குறி. சி-க்கு முன்னோடியான பி மொழியில், நிபந்தனைகளைச் சேர்க்கும் ‘&&’ தனியாக இல்லாத காலத்தின் மிச்சம் அது. ‘&’இன் இடத்தை அப்போதே மாற்றியிருக்கலாம் என்று சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியே பிற்பாடு எழுதினார்; ஏற்கெனவே எழுதி வைத்த நிரல்களின் பொருள் மாறிவிடும் என்ற கவலையில் மாற்றவில்லை. அரை நூற்றாண்டாக எல்லோரும் அந்த இடத்தில் அடைப்புக்குறி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எங்களிடம் இருந்தது 41 விதிதான், ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்க முடிந்தது. அதற்குப் பழைய இலக்கணத்தை ‘எக்ஸ்பெக்ட்’ இல்லாமல், முன்னுரிமைக் குறிப்பும் இல்லாமல், பைசனின் ஜிஎல்ஆர் முறையில் ஒரு தடவை உருவாக்கினோம். இந்த முறையில் பார்சர் தடுமாறும் இடத்தில் இரண்டாகக் கிளைத்து இரண்டு வழியிலும் நடக்கும். ஒன்று முட்டி நின்றால் மற்றது தொடரும். இரண்டும் கடைசிவரை வந்து ஒரே இடத்தில் சேர்ந்தால் ‘தொடரமைப்பில் மயக்கம்’ என்று அறிவித்து நிறுத்திவிடும். ஆலைக்கு இதை அனுப்பவில்லை, சல்லடையாக மட்டும் வைத்துக்கொண்டோம்.

சல்லடையில் நான்கு நின்றன. சம்பவத்துக்குக் காரணமான விதி, ஓய்ந்துபோன ‘அல்லது–மற்றும்’ விதி, எப்படிப் படித்தாலும் ஒரே விடை தரும் ஒரு விதி, அப்புறம் யாருக்கும் பொருள் தெரியாத ஒரு விதி.

இவற்றோடு கழிவுப் பெட்டியையும் மாற்றினோம். ஒரு சிட்டைக்கு விதியும் கழிவு இடாமல், ஆளும் கையால் இடாமல் விட்டால் சிட்டை அச்சாகாது. உண்மையைச் சொன்னால் அந்த விவசாயியின் நெல்லைப் பிடுங்கியதில் ‘இல்லையேலு’க்குச் சமமான பங்கு இந்தப் பெட்டிக்கும் உண்டு. பெட்டி ஒவ்வொரு தடவையும் காலியாகத் தொடங்கியிருந்தால், ‘ஒன்றுமே செய்யாதே’ என்பது முதல் நாளிலேயே வெற்றுச் சிட்டையாக வெளியே வந்து எல்லோரையும் கூப்பிட்டிருக்கும்.

மாற்றியதை ஆலையில் ஏற்றிய மறுநாள் அண்ணாச்சியிடமிருந்து போன்.

“தம்பி, உங்க பொட்டி என்னையவே கேள்வி கேக்குது. ‘இந்த இல்லையேல் எந்த எனிலுக்கு? அடைப்புக்குறி போடவும்’ங்குது.”

“நீங்க எதுக்குன்னு நெனச்சிய அண்ணாச்சி?”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. “இருங்க, முதலாளிட்ட கேட்டுச் சொல்லுதேன்” என்று வைத்துவிட்டார்.

அந்த நான்காவது விதியை எழுதியவர் அவருக்கு முன்பு இருந்த கணக்குப்பிள்ளை. இப்போது தூத்துக்குடியில் மகன் வீட்டில் இருக்கிறார். நம்பர் வாங்கிப் பேசினேன். விதியை இரண்டு விதமாகவும் படித்துக் காட்டி எது அவர் நினைத்தது என்று கேட்டேன். “ரெண்டுந்தான்” என்றார். அந்தப் பருவத்தில் ஆலைக்கு ஒரே ரகம்தான் வந்ததாம், எப்படிப் படித்திருந்தாலும் சிட்டை மாறியிருக்காது. அதை அழித்துவிட்டோம். இப்போது 40.